நடுக்குவாதமும் நமது வாசற்படியும்

இராமநாதபுரம் ஜில்லாவில், தொண்டிக்கும் தேவிபட்டினத்திற்கும் இடையே, பாக் விரிகுடாவின் கரையில் காரங்காடு என்னும் மீனவர் கிராமம் உள்ளது. அங்குள்ள அலையாத்திக் காட்டைக் காண வெளியூரார் பலர் வருகிறார்கள். வனத்துறையார் படகு வைத்து அவர்களைக் காட்டினூடே அழைத்துச் செல்கிறார்கள். காட்டையும் கரையையும் பாதுகாக்கச் சர்க்கார் முற்பட்டது நல்லதே. அதில் நமக்கு யாதொரு ஆக்ஷேபமும் இல்லை. ஆனால் படகேறிக் காடு பார்த்துத் திரும்பும் கனவான்களில் எத்தனை பேர் கரைமேலுள்ள வீடுகளுக்குள் எட்டிப் பார்த்திருப்பர்? ஐம்பது வருஷம் வலை இழுத்த கை, இன்று ஒரு குவளைத் தண்ணீரைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோக மாட்டாமல் நடுங்குகிறது. அத்தகைய முதியோர் இந்தக் கரையில் மட்டுமல்ல, தமிழ்நாடெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் எப்படிப்பட்ட வீட்டில், எவ்விதம் வாழ்கிறார்கள் என்பதே இன்று நாம் எழுதப் புகுந்த விஷயம். இது வைத்தியர் பார்க்கவேண்டிய காரியமன்றோ, அரசியல் ஊழியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வீடு கட்டிக் கொடுப்பதும், உதவித்தொகை கொடுப்பதும், மருந்து கொடுப்பதும் சர்க்கார் காரியமாக இருக்கும் வரையில் இது அரசியல் விஷயமே என்பது நமது துணிபு.

நடுக்குவாதம், கம்பவாதம் என்று நம்மவர் சொல்லும் இந்த வியாதியை 1817ம் வருஷத்தில் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் விவரித்து ஒரு சிறு நூல் எழுதினார். பின்னாளில் உலகம் அவர் பெயராலேயே இதை அழைக்கலாயிற்று. மூளையின் நடுப்பாகத்தில் கருநிறமுள்ள ஒரு சிறு பகுதி உண்டு. அதிலுள்ள உயிரணுக்கள் மெல்ல மெல்ல மடிகின்றன. அவை சுரக்கும் டோப்பமின் என்னும் பொருள் குறைகிறது. அதனால் கை நடுங்கும், உடல் இறுகும், நடை குறுகும், குரல் தாழும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்புப்படி 2019ம் வருஷத்தில் பூமியில் 85 லக்ஷத்துக்கு மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்தனர். வயது ஏற ஏற இது மிகுதியாக வரும். எண்பதைத் தாண்டியவரிடம் இது தனியே வருவதில்லை. கண் மங்கல், எலும்புத் தேய்வு, மறதி ஆகிய எல்லாவற்றோடும் கூடியே வருகிறது.

இந்த நோயின் மருந்தைப் பற்றிய சரித்திரத்தில் நமது சென்னைக்கும் ஒரு பங்கு உண்டென்பதைப் பலர் அறியார். பூனைக்காலி விதையை நமது வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். அவ்விதையிலிருந்து லெவோடோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, 1937ம் வருஷத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் சென்னைச் சர்வகலாசாலையின் ஆய்வுக்கூடத்திலிருந்து எழுதினார்கள். அது இன்ன வியாதிக்கு மருந்தாகும் என்பதை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை. 1957ம் வருஷத்தில் ஸ்வீடன் தேசத்துக் கார்ல்ஸன் டோப்பமினின் வேலையைக் கண்டார். 1961ல் வியன்னா நகரில் லெவோடோபாவை நோயாளிகளுக்கு ஊசி மூலம் கொடுத்துப் பார்த்தனர். 1967ல் அமெரிக்காவில் கோட்ஸியாஸ் அதை வாய்வழியே போதிய அளவில் கொடுத்து வெற்றி கண்டார். இன்றுவரை இந்நோய்க்கு அதுவே தலையாய மருந்து. விதை நம்முடையதுதானே என்று பூனைக்காலியை அளவறியாமல் இடித்துக் கொடுப்பதோ, டாக்டர் கொடுத்த மாத்திரையைத் திடீரென நிறுத்துவதோ பெருந் தீங்கில் முடியும் என்பதையும் சுதேசப் பற்றுள்ளவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

மருந்து நோயைத் தணிக்கும்; நீக்காது. எனவே நோயாளி பல வருஷம் வாழவேண்டிய இடம் ஆஸ்பத்திரி அன்று, வீடு. அந்த வீட்டில் அவர் படும் பாட்டில் பாதி நோயினால் வருகிறது; மீதிப் பாதி அறியாமையால் வருகிறது. காலையில் மாத்திரை விழுங்கிய சிறிது நேரத்தில் கிழவர் எழுந்து தெருத்திண்ணை வரையில் நடந்து வருவார். உச்சிவேளைக்குள் மருந்தின் வேகம் தணிந்துவிடும். அப்போது கட்டிலை விட்டு எழவும் அவரால் முடியாது. இது இந்நோயின் இயல்பு. வீட்டாரோ, “காலையில் நடந்தவர் இப்போது நடக்கமாட்டாரா? வேண்டுமென்றே செய்கிறார்” என்கிறார்கள். முகத்துத் தசைகள் இறுகிப் போவதால் சிரிப்பும் தோன்றாது, நன்றியும் தோன்றாது. பேரப்பிள்ளைகள் தாத்தா கோபமாயிருக்கிறார் என்று அஞ்சி விலகுகின்றன. குரல் தாழ்ந்துவிட்டபடியால் அவர் கேட்டது பிறர் காதில் விழுவதில்லை. கேட்டதைக் கொடுக்கவில்லை என்று அவருக்கு வருத்தம். கேட்கவே இல்லையே என்று மருமகளுக்கு வருத்தம். இவ்விதம் மூளையிலுள்ள ஒரு சிறு பழுது, குடும்பத்தில் பெரிய வழக்காக மூண்டுவிடுகிறது. இதை விளக்கிச் சொல்ல ஒரு செவிலிப் பெண் இரண்டு முறை வீட்டுக்கு வந்தால் போதும். வீண் சண்டையில் பெரும்பகுதி அடங்கிவிடும் என்று நம்புகிறோம்.

இனி வீட்டைப் பார்ப்போம். நடுக்குவாதக்காரருக்கு நடையில் ஒரு விசித்திரமான தடை உண்டு. வெளியில் நடந்து வருபவர் வாசல் நிலையண்டை வந்ததும், கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல் நின்றுவிடுவார். குறுகிய இடம், திரும்பும் மூலை, வாசற்படி ஆகிய இவையே அவருக்குச் சத்துருக்கள். நமது வீடுகளோ படிகளாலேயே ஆனவை. தெருவிலிருந்து திண்ணைக்கு ஒரு படி. திண்ணையிலிருந்து உள்ளே நிலைப்படி. பின்புறம் இறங்க இரண்டு படி. அப்பால் கொல்லைக் கோடியில் கழிப்பறை. கடற்கரை ஊர்களில் வீட்டிற்கும் கழிப்பறைக்கும் இடையே மணல். இளைஞருக்கே கால் புதையும் மணலில், இருட்டில், இரவில் பலமுறை எழவேண்டிய எண்பத்தைந்து வயதுக் கிழவர் எவ்வாறு போவார்? போய்ச் சேர்ந்தாலும் குந்தி உட்கார்ந்து எழுவதற்குப் பிடிமானம் இல்லை. விழுகிறார். இடுப்பெலும்பு முறிகிறது. இவ்வயதில் இடுப்பெலும்பு முறிந்தவரில் பலர் மறுபடி எழுந்து நடமாடுவதில்லை.

இதற்குப் பரிகாரம் பொன்னாலும் வெள்ளியாலும் ஆனதன்று. படியிருக்கும் இடத்தில் சாய்தளம், சுவரில் கைப்பிடிக் கம்பி, உட்கார ஏற்ற உயரமுள்ள கட்டில், வீட்டோடு ஒட்டிய கழிப்பறை, அதில் நாற்காலிப் பீடம், இரவெல்லாம் எரியும் ஒரு சிறு விளக்கு ஆகிய இவ்வளவே. கால் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் தரையின்மீது ஓரடிக்கு ஒன்றாகக் குறுக்குக் கோடுகள் இட்டு வைத்தால், நின்ற கால் அந்தக் கோட்டைத் தாண்டுவதற்காகப் பெயர்ந்துவிடுகிறது. நோயாளி தானே நினைத்து எடுத்துவைக்க மாட்டாத அடியை, கண்ணில் பட்ட கோடு எடுத்துவைக்கச் செய்கிறது. இது வைத்தியர்கள் பல காலமாகக் கண்டறிந்த உண்மை. நாள்தோறும் வாசலில் கோலமிடும் நமது பெண்மக்களுக்கு இது ஒரு சிரமமா? கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இடுப்பளவு உயரத்தில் கயிறு ஒன்றை இழுத்துக் கட்டுவது மீனவர் வீட்டில் அரைமணி நேரத்து வேலை. கம்பி வாங்கப் பணம் வரும் வரையில் கயிறு கட்டியாவது வைக்கலாம்.

ஆனால் தனி மனிதர் செய்வது வேறு; சர்க்கார் செய்வது வேறு. 2016ம் வருஷத்து மத்திய வீட்டுத் திட்டத்தின்படி கிராமங்களில் கட்டும் வீட்டிற்குக் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர் என்று விதி செய்தனர். 2024ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டிற்கு மூன்றரை லக்ஷம் ரூபாய் என்றும், 2030க்குள் எட்டு லக்ஷம் வீடுகள் என்றும் அறிவித்தனர். குடிசையில் வாழ்ந்தவருக்குக் கான்க்ரீட் கூரை கிடைப்பதை நாம் மனமார வரவேற்கிறோம். எனினும் கூரையை எண்ணும் உத்தியோகஸ்தர், படியை எண்ணுகிறாரா? 360 சதுர அடியில் மகன் குடும்பமும் கிழவர் தம்பதியும் ஒருங்கே வாழும்போது கிழவரின் கட்டில் எங்கே? தனிக் கழிப்பறை கட்ட 12,000 ரூபாய் கொடுத்த ஸ்வச்ச பாரதத் திட்டத்தில் எத்தனைக் கழிப்பறைகளில் ஒரு கைப்பிடி வைத்தனர்? எட்டு லக்ஷம் வீடு கட்டும்போதே ஒரு வாயிலை அகலமாகவும் படியின்றியும் வைப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. கட்டி முடித்த பின் இடித்துத் திருத்த ஆகும் செலவு பெரிது. இந்தக் கணக்கு அறியாத கொத்தனார் தமிழ்நாட்டில் இல்லை. அறியாதவர் திட்டம் போட்டவரே.

ஜப்பான் தேசத்தைப் பாருங்கள். அங்கே 2000ம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் முதியோர் பராமரிப்பு இன்ஷூரன்ஸ் சட்டம் அமலில் இருக்கிறது. நாற்பது வயதானவர் யாவரும் அதற்குச் சந்தா செலுத்துகிறார்கள். தளர்ந்த முதியவரின் வீட்டில் கைப்பிடி பொருத்தவும், தரையின் மேடு பள்ளத்தை நீக்கவும், கதவை நகரும் கதவாக மாற்றவும், குந்தும் கழிப்பறையை நாற்காலிக் கழிப்பறையாக்கவும் இரண்டு லக்ஷம் யென் வரையில் வேலைக்கு உதவி கிடைக்கிறது. வீட்டுக்காரர் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். விழுந்து முறிந்த எலும்புக்குச் செலவிடுவதைவிட விழாதிருக்கச் செலவிடுவது மலிவு என்று அந்நாட்டார் கணக்கிட்டிருக்கிறார்கள். நாமோ 2024ம் வருஷம் அக்டோபரில் எழுபது வயதுக்கு மேற்பட்ட யாவருக்கும் ஐந்து லக்ஷம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவை மத்திய சர்க்கார் ஏற்கும் என்று பறைசாற்றினோம். நல்ல காரியந்தான். ஆனால் அந்தப் பணம் அவர் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் கிடைக்கும். படுக்காமல் காக்கும் கைப்பிடிக் கம்பிக்கு ஒரு காசும் கிடையாது.

கரையோர ஊர்களுக்கு வேறொரு சங்கடமும் உண்டு. லெவோடோபா மாத்திரையைப் புரதம் மிகுந்த உணவோடு சேர்த்து உட்கொண்டால், மருந்து உடலிற் சேர்வது தடைப்படும். சாப்பாட்டிற்கு அரைமணி முன்பாகவோ ஒரு மணி பின்பாகவோ மாத்திரை சாப்பிடும்படி வைத்தியர்கள் சொல்லுவது இதனாலேயே. மூன்று வேளையும் மீன் குழம்பு உண்ணும் வீட்டில் இதை யார் எடுத்துச் சொன்னார்கள்? மீனை நிறுத்த வேண்டியதில்லை. நேரத்தை மாற்றினால் போதும். ஆனால் நேரம் என்பது கடல் வீட்டில் கடிகாரத்தைப் பார்த்து வருவதன்று. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துப் பின்னிரவில் கிளம்பும் மகன், தந்தைக்கு விடிகாலை மாத்திரையைக் கொடுக்க வீட்டில் இருக்கமாட்டான்.

மகன் திரும்பி வருவானா என்பதே நிச்சயமில்லாத கரை இது. 2024ம் வருஷத்தில் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்ட இந்திய மீனவரை இலங்கைக் கடற்படையார் பிடித்தனர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழ்நாட்டவர். இராமநாதபுரம் ஜில்லாவார் பலர். படகு பறிபோனதைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன, நாமும் எழுதியிருக்கிறோம். யாழ்ப்பாணச் சிறையில் மகன் இருக்கும் அந்த வாரங்களில், மாத்திரை வாங்கி வரவும் தூக்கி உட்கார வைக்கவும் ஆளின்றிக் கிடக்கும் தகப்பனைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. இரண்டு தேசத்துச் சர்க்கார்களும் பேசித் தீர்க்கவேண்டிய வழக்கின் பளு, ஒன்றுமறியாத கிழவர் தலையில் இறங்குகிறது.

அந்த வீடுகளில் தூக்கி நிறுத்துபவர் யார்? மனைவி. எண்பத்திரண்டு வயதுக் கணவனை எழுபத்தைந்து வயது மனைவி தூக்குகிறாள். அவள் இறந்தபின் மருமகள் அல்லது விதவையாய் வீடு திரும்பிய மகள். மீன் விற்கக் கூடை சுமந்து போகவேண்டியவள் அவளே. தண்ணீர் எடுக்கவேண்டியவளும் அவளே. இரவில் கிழவர் இல்லாத உருவங்களைக் கண்டு கூவும்போது விழிக்கவேண்டியவளும் அவளே. ஆண்மக்கள் நாம் மேடையேறி, பெற்றோரைத் தெய்வமாகப் போற்றும் நாடு இது, மேனாட்டாரைப்போல் விடுதியில் தள்ளும் நாடன்று என்று முழங்குகிறோம். போற்றுவது நமது வாய். துடைப்பது அவளுடைய கை. இந்தப் பெருமையை வெளிக்காட்டும் முன்பு 2007ம் வருஷத்துச் சட்டத்தை நாம் ஒருமுறை படிக்கவேண்டும். பெற்றோரையும் முதியோரையும் பராமரிக்கும்படி மக்களைக் கட்டாயப்படுத்த இந்நாட்டில் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்யவேண்டி வந்தது. மாதம் 10,000 ரூபாய் வரையில் ஜீவனாம்சம் விதிக்கவும், முதியோரைக் கைவிட்டவருக்கு மூன்று மாதம் சிறைவாசம் விதிக்கவும் அதில் இடமுண்டு. பழக்கம் உயிரோடிருந்தால் சட்டம் எதற்கு?

அதே சட்டத்தின் 19வது பிரிவு, ஜில்லாவுக்கு ஒன்றாவது, ஆதரவற்ற முதியோர் 150 பேர் தங்கத்தக்க இல்லத்தை மாகாணச் சர்க்கார் ‘அமைக்கலாம்’ என்கிறது. ‘அமைக்கவேண்டும்’ என்னாது ‘அமைக்கலாம்’ என்றதில்தான் சூக்ஷ்மம் இருக்கிறது. மகன் தவறினால் சிறை. சர்க்கார் தவறினால் ஒன்றுமில்லை. தருமவான்கள் நடத்தும் இல்லங்களோ பலவும் எழுந்து நடமாடக்கூடியவரையே சேர்த்துக்கொள்கின்றன. படுத்தவரைச் சேர்க்கத் தாதிகள் வேண்டும். தாதிகளுக்குச் சம்பளம் வேண்டும். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆகவே மிகவும் தளர்ந்த நடுக்குவாதக்காரருக்கு வீடும் பொருந்தவில்லை. விடுதியும் கதவைத் திறக்கவில்லை. முதியோர் விடுதி என்றாலே மேனாட்டு அநாகரிகம் என்று முகஞ் சுளிக்கும் நண்பர்களுடன் நாம் மாறுபடுகிறோம். பார்ப்பார் யாருமின்றித் தரையில் கிடந்து படுக்கைப்புண் காண்பது எந்த நாகரிகம்? எனினும் 150 பேரை ஜில்லாத் தலைநகரில் ஒரு கொட்டடியில் அடைப்பதையும் நாம் விரும்போம். தொண்டியிலும் திருவாடானையிலும் இருபது பேர் தங்கும் சிறு இல்லங்கள் போதும். கடல் மனிதருக்குக் கடலோசை கேட்கவேண்டும். பேரன் நடந்து வந்து பார்த்துப் போகவேண்டும்.

பண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லுவோம். சென்னை மாகாணம் 1962லேயே முதியோர் உதவித்தொகையைத் தொடங்கியது. 2023ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் அதை 1,200 ரூபாயாக்கினர். இதில் மத்திய சர்க்காரின் பங்கு, எண்பது வயதுக்கு உட்பட்டவருக்கு 2007 முதல் 200 ரூபாய். எண்பதைக் கடந்தவருக்கு 500 ரூபாய். விலைவாசி எங்கெங்கோ போனபோதும் அந்த 200 நகரவில்லை. அப்பால், 2016ம் வருஷத்து மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் பார்க்கின்ஸன் நோயைத் தனியே பெயர் குறித்துச் சேர்த்திருக்கிறது. அதன்பின் தமிழ்நாட்டில் இந்நோயாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தர ஏற்பாடு செய்தனர். இதை அறிந்த குடும்பங்கள் கிராமங்களில் எத்தனை? அறிந்தாலும் அத்தாட்சி பெற ஜில்லாத் தலைநகரிலுள்ள டாக்டர்கள் முன் நேரில் நிற்கவேண்டும். பஸ் ஏறமாட்டாதவரை வாடகை வண்டியில் கொண்டுபோகிறார்கள். அவரோ பிரயாணத்துக்கென்று மாத்திரை சாப்பிட்டுப் போயிருப்பார். மருந்து வேலை செய்யும் அந்த நல்ல நேரத்தில் பார்த்தால் ஊனம் குறைவாகவே தோன்றும். நாற்பது விழுக்காடு என்னும் வரம்பைத் தொடாமல் வெறுங்கையோடு திரும்பவும் நேரிடும். மருந்து ஓய்ந்த வேளையிலும் அவரைப் பார்த்தாலன்றி உண்மை ஊனத்தை எந்த டாக்டரும் மதிப்பிட இயலாது. பாதி நாள் நடந்து பாதி நாள் கிடக்கும் வியாதிக்கு, ஒரு கணத்துப் பார்வை அளவுகோலாகுமா?

வைத்திய வசதி முன்னைக்கு இப்போது மேலானதே. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் வி. எஸ். நடராஜன் 1978ம் வருஷத்தில் முதியோர்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கியபோது, இந்தியாவில் அது புதுமை. 2024ல் கிண்டியில் 200 படுக்கைகளோடு முதியோர் நல ஆஸ்பத்திரி திறந்தனர். 2022 ஜனவரியில் இராமநாதபுரத்திலேயே சர்க்கார் வைத்தியக் கல்லூரி வந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம், ஊழியப் பெண்களின் கையில் மருந்துப் பையைக் கொடுத்து வீட்டு வாசலுக்கு அனுப்பியது. இதுவே நமக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஆனால் அந்தப் பையில் இருப்பவை முக்கியமாக இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள். அத்துடன் நடுக்குவாத மாத்திரையும் ஏன் இருக்கலாகாது? அதே ஊழியருக்கு, இந்நோயாளிக்கு வாந்தி நிற்க மெட்டோகுளோப்ரமைடு கொடுத்தால் நடுக்கமும் இறுக்கமும் மிகும் என்னும் ஒரு எச்சரிக்கையையாவது ஏன் கற்பிக்கலாகாது? அண்டையிலுள்ள மலையாள நாட்டில் 1993ல் கோழிக்கோட்டில் தோன்றிய நோய்தணிப்புச் சங்கத்தின் வழியே, அயலார் அயலாரைப் பார்த்துக்கொள்ளும் முறை ஊரூராய்ப் பரவிற்று. 2008ல் அம்மாகாண சர்க்கார் அதைத் தம் கொள்கையாக்கினர். பஞ்சாயத்து, டாக்டர், அண்டை வீட்டார் மூவரும் ஒரே நோயாளியின் பெயரை அறிந்திருக்கும் ஏற்பாடு அது. நமது கடற்கரைக் கிராமங்களில் ஊர்க்கூட்டமும் கோயிற் சபையும் ஏற்கெனவே வலுவாக இருப்பதால், அங்கே இது வேரூன்றுவது எளிது.

தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்திற்கு ஆறு முறை கூடுகிறது. சாலை, விளக்கு, குடிநீர் என்று தீர்மானங்கள் வருகின்றன. நமது ஊழியர்கள் அடுத்த கூட்டத்திற்குப் போகுமுன் தத்தம் ஊரில் எண்பது வயது கடந்தவரின் வீடுகளுக்கு ஒருமுறை போய்வரட்டும். யார் நடுங்குகிறார், யார் விழுந்தார், யாருக்கு மாத்திரை கொடுக்க ஆளில்லை, எந்த வீட்டுக் கழிப்பறை எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று குறித்து வரட்டும். அந்தக் குறிப்பைத் தீர்மானமாக்கி ஜில்லா கலெக்டருக்கு அனுப்பட்டும். இனிக் கட்டும் சர்க்கார் வீடு ஒவ்வொன்றிலும் ஒரு வாயிலாவது படியின்றி இருக்கவேண்டும், கழிப்பறை வீட்டோடு சேர்ந்திருக்கவேண்டும், கைப்பிடிக் கம்பிக்கான செலவை மதிப்பீட்டிலேயே சேர்க்கவேண்டும் என்று அத்தீர்மானத்தின் முதல் வரியில் எழுதட்டும். ஊனத்தை மதிப்பிடும் டாக்டர் குழு மாதம் ஒருமுறை தொண்டிக்கு வரவேண்டும் என்பதை இரண்டாவது வரியில் எழுதட்டும். எத்தனை ஊர்களிலிருந்து இத்தகைய தீர்மானம் போயிற்று என்பதை நமக்கு எழுதினால், ஊர்ப் பெயர்களை இப்பக்கத்தில் வெளியிடுவோம். கலெக்டர் கச்சேரியிலிருந்து என்ன பதில் வந்தது என்பதையும் வெளியிடுவோம்.